கைக்குட்டை போட்ட இடம்

தாம்பரத்தில் ரயில் வந்து நின்றதும் லோகேஸ்வரி லேடீஸ் பெட்டியில் ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டாள். கன்னியம்மா பூத்தையல் போட்டுக் கொடுத்த கைக்குட்டை அது.

“ஆளு வருதாம்மா?” என்று கேட்டாள், கூடையோடு நின்ற பூக்காரி.

“என் ஃப்ரெண்டுக்கா. குரோம்பேட்டைல ஏறுவா. காலேஜ் போறா.”

“நீ போவலியா?”

“நான் எக்ஸ்போர்ட் கம்பெனில இன்னிக்கு வேலைக்குச் சேர்றேன்.”

பள்ளிக்கூடம் போன நாட்களில் கன்னியம்மாவுக்குத் தினமும் இப்படித்தான் இடம் போட்டு வைப்பாள். வேலையானாலும் காலேஜானாலும் இதே ரயில்தான் என்று பேசி வைத்திருந்தார்கள்.

குரோம்பேட்டையில் கூட்டம் ஏறியது. மூன்று காலேஜ் பெண்கள் இங்கிலீஷில் பேசிச் சிரித்தபடி நெருக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்களில் தோள்வரை முடி வெட்டியிருந்தவள் கைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு லோகேஸ்வரியைப் பார்த்தாள்.

“எக்ஸ்கியூஸ் மீ, இங்க யாராவது வராங்களா?”

லோகேஸ்வரி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆமாங்க. வராங்க.”

அவள் மற்ற இருவரோடும் கதவோரம் போய் நின்றுகொண்டாள். ரயில் கிளம்பியது. லோகேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

பல்லாவரம் வந்தது.

“இன்னாம்மா, உன் ஃப்ரெண்டு ரயில உட்டுட்டாளா?”

“இல்லக்கா. குரோம்பேட்டையிலயே ஏறிட்டா.” லோகேஸ்வரி கைக்குட்டையை எடுத்து மடித்தாள். “நீங்க உக்காருங்க.”