கமராவுக்குக் கீழே

புத்தூர் வீட்டின் முன்னறையில் கஜானி மடிக்கணினிக்கு முன்னால் இருக்கிறாள். பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள்; திரை நிறையப் பல நாட்டு முகங்கள். யன்னல் வெயில் அவள் கன்னத்தில் விழுகிறது. அவள் கணவன் மயூரதன், தோட்டத்தில் கட்டிய சாரத்துடன், வெறும் மேலோடு, கமராவில் படாமல் முழங்காலில் தவழ்ந்து வருகிறான். தேத்தண்ணித் தட்டத்தைத் தரையில் மெல்லத் தள்ளுகிறான், கோப்பை கிணுகிணுக்கிறது. சிங்கப்பூரில் அவளுக்கு உயர்ந்த பதவி தருகிறார்கள். இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒலியை நிறுத்திவிட்டுக் குனிந்து கோப்பையை எடுக்கிறாள்.

"என்னப்பா சொல்லுறது?"

"ஓமெண்டு சொல்லும். அம்மான்ரை கண் ஒப்பறேசனுக்கும் உந்தக் கொம்பனியின்ரை காப்புறுதிதானே உதவினது."

"அது நல்லதுதான். ஆனா மூண்டு வருசமா நீங்கள் இப்பிடித் தவழுறியள். எனக்கொரு மனுசன் இருக்கிறதே அங்கை ஒருத்தருக்கும் தெரியாது. தோட்டத்தை விட்டிட்டு வருவியளோ?"

"வெங்காயத்தை அண்ணை பாப்பார். நீர் தனியப் போய் என்ன செய்வீர்? நானும் வாறன்."

அவள் கண் கலங்கச் சிரிக்கிறாள். ஒலியைத் திறந்ததும் மேலாளர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அவள் மண் ஒட்டிய அவன் கையைப் பிடித்து மேலே இழுக்கிறாள்.

"ஐயோ, சேட்டுப் போடேல்லையப்பா!"

வெறும் தட்டத்தால் நெஞ்சை மறைத்தபடி அவன் எழும்புகிறான். திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக மலர்கின்றன. நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கஜானி கதிரையில் தள்ளியிருந்து அவனுக்கும் இடம் விடுகிறாள்.