ஏழாவது சிவப்பு

"கீச்" என்று கத்திவிட்டு மறுபடியும் சிவப்பு விளக்கை எரித்தது கைரேகை மெஷின். கடையின் ஊழியர் வாசலில் வரிசையாக நின்றவர்கள் மூச்சுக்கூட விடவில்லை.

இன்று காலையில் இது ஏழாவது சிவப்பு. விரல் வைத்தவள் சின்னப் பெண். பில் போடுவதில் அவள் வேகத்துக்கு ஈடு யாரும் கிடையாது, அதனால் கடையில் அவள் பெயரே 'புயல்'.

"என்னையுமாக்கா?" என்று புயல் திரும்பி, அடுத்து நின்ற ரேக் அக்காவைப் பார்த்து அழுதாள். பதினோரு வருடமாக அந்தக் கடையில் ரேக்கில் சாமான் அடுக்குபவள் என்பதால் அக்காவுக்கு அந்தப் பெயர்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன மாதம் இதே கம்பெனியின் இன்னொரு கிளையில் நோட்டீஸும் கொடுக்கவில்லை, கூப்பிட்டுப் பேசவும் இல்லை. காலையில் வந்து விரல் வைத்தார்கள், மெஷின் சிவப்பு காட்டியது, வேலை போயே போய்விட்டது. அப்படிப் போனவர்களில் ரேக் அக்காவின் வீட்டுக்காரரும் ஒருவர். இப்போது வீட்டில் உலை கொதிப்பது இவள் ஒருத்தியின் கட்டைவிரலை நம்பித்தான்.

அந்த விரலோ அட்டைப்பெட்டி பிரித்துப் பிரித்து ரேகையே தேய்ந்து கிடந்தது. நல்ல நாளிலேயே மூன்று தடவை வைத்தால்தான் மெஷின் மனம் இரங்கும். இன்றைக்கு என்ன செய்யப் போகிறதோ!

"சிவப்பு விழுந்தவங்க எல்லாம் வெளிய நிக்கிற அந்த வேன்ல போய் உட்காருங்க," என்றார் வாட்ச்மேன்.

"துரத்துறதுக்கு வேன் வெச்சா துரத்துவாங்க? எங்கண்ணே கொண்டு போறாங்க?" என்று கேட்டாள் ரேக் அக்கா.

"எனக்கென்னம்மா தெரியும்? சிவப்புன்னா வேன், பச்சைன்னா உள்ள. போன்ல சொன்னது அவ்வளவுதான். என் வேலையே இருக்குமோ இருக்காதோன்னு நான் நிக்கிறேன்."

புயல் மூக்கைச் சிந்திக்கொண்டே வேனில் ஏறினாள். அடுத்தது ரேக் அக்கா.

விரலை வைத்தாள். சிவப்பு.

வீட்டில் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் போய் என்ன சொல்வது?

"அண்ணே, என் விரல் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. இன்னும் ஒரே ஒரு தடவை வெச்சுப் பாக்குறேண்ணே."

"பின்னால ஆளுங்க நிக்கிறாங்க... சரி, வை."

விரலைச் சட்டையில் அழுத்தித் துடைத்து வைத்தாள். சிவப்பு. வாட்ச்மேன் வேனைப் பார்த்துக் கை காட்டினார். அவள் நகரவில்லை. விரலை வாயால் ஊதி, தெரிந்த தெய்வத்தையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தடவை வைத்தாள்.

"நீ பொழச்சேம்மா," என்றார் வாட்ச்மேன்.

கண்ணைத் திறந்தாள். பச்சை!

போன உயிர் திரும்பி வந்தது. வேன் இருந்த பக்கம் தலையைத் திருப்பத் தைரியமில்லாமல் விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். தனக்கு வேலை இருக்கிறது என்று சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது.

உள்ளே ஆறு பேர்தான் இருந்தார்கள். தலைமை ஆபீஸிலிருந்து வந்திருந்த அதிகாரி அவர்களை வரிசையாக நிற்க வைத்து, கையிலிருந்த பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ரேக் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. நேராக அவரிடம் போய்க் கை கூப்பினாள்.

"சார், என்னை வெச்சுக்கிட்டீங்க, உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும். ஆனா வெளிய அந்த பில் போடுற பொண்ணு அழுதுக்கிட்டுப் போகுது சார். கெட்டிக்காரப் பொண்ணு. அவளை மட்டும் கைவிட்டுடாதீங்க."

"அவளை எதுக்கும்மா கைவிடப் போறோம்?" அதிகாரி ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். "வேன்ல இருக்கிறவங்க விரல் பதிவை எல்லாம் நேத்தே புதுக் கடை மெஷினுக்கு மாத்தியாச்சே. அதான் இங்க சிவப்பு காட்டுது."

அவள் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"அப்ப... எங்க விரல் சார்?"

அதிகாரி பட்டியலை மடித்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"இந்த மெஷின்ல மட்டுந்தாம்மா இருக்கு. கடையை இன்னையோட மூடுறோம், சாயந்திரம் இதையும் கழட்டிடுவோம்."