தலை நிமிராத பிள்ளை

எண்பத்திரண்டாம் வருஷம். கோவில்பட்டி மண்டபத்தில் நிற்க இடமில்லை. சிறுவர்களுக்கு மாயாஜாலக் கதை எழுதும் சங்கரபாண்டிக்குத் தில்லி விருது கிடைத்ததற்காகப் பாராட்டு விழா. மாநிலப் பரிசு ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியவர்.

பசுவந்தனையிலிருந்து வந்திருந்த கல்யாணசுந்தரிக்கு, பெண்கள் வரிசையில் சங்கரபாண்டியின் மகள் செண்பகத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பன்னிரண்டு வயதுப் பெண், அப்பாவின் புதுப் புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், மண்டபமே கைதட்டியது. அவள் தலை நிமிரவில்லை.

“ஏட்டி, ஒங்கப்பாவ மேடையில தூக்கி வச்சுப் பேசுதாவ. ஒரு தடவ நிமிந்து பாரேன்!”

செண்பகத்தின் விரல் வரிக்கு வரி நகர்ந்துகொண்டிருந்தது. ‘இந்த வயசுலயே இவ்வளவு மண்டைக்கனமா?’ என்று கல்யாணசுந்தரிக்கு எரிச்சலாக வந்தது.

மேடையில் தலைவர் கேட்டார்: “இம்புட்டுக் கதையும் மொதல்ல மகளுக்குத்தான் சொல்லுவீயளா, அண்ணாச்சி?”

“அவளுக்கு ஒரு கதைகூட நான் சொன்னதில்ல.”

கூட்டம் சிரித்தது. சங்கரபாண்டி சிரிக்கவில்லை.

“அவளுக்குப் பொறவியிலயே காது கேக்காது. மத்த பிள்ளைக கதை கேட்டுச் சிரிக்கையில, இவ எங்க வாயவே பாத்துக்கிட்டு இருப்பா. என்னால தாங்க முடியல. அவ எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகின அன்னைக்குத்தான் மொதக் கதைய எழுதுனேன்.”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே செண்பகம் பக்கத்தைப் புரட்டி, எதையோ படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள்.

கல்யாணசுந்தரி, தன் நிழல் புத்தகத்தில் விழாதபடி மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள்.