தினம் இரண்டு உருண்டை

"எடுத்தீங்களா இல்லையா, இர்மா? அதை மட்டும் சொல்லுங்க."

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள் கொரின். அன்று திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தாள்.

கொரினுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஞாயிறு முதல் வியாழன் வரை. அக்டோபர் பிறந்து வெர்மான்ட் மலையெல்லாம் சிவந்துவிட்டால் வீட்டில் பூசணி உருண்டை பிடிக்க ஆரம்பித்துவிடுவாள். அடுப்பு மூட்டுகிற வேலையே இல்லை. பூசணி விழுது, ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், மேப்பிள் பாகு, பட்டைத்தூள், கொஞ்சம் கிராம்பு. பிசைந்து, உருட்டி, டப்பாவில் அடுக்கிக் குளிர வைத்தால் முடிந்தது. இரவு கண் விழிக்க மூன்று எடுத்துப் போவாள்.

"நேத்து இருபது பிடிச்சேன். மூணு எடுத்துட்டுப் போனேன். பதினேழு இருக்கணும். பதினஞ்சுதான் இருக்கு. மூணு வாரமா இதே கதை, தினம் ரெண்டு குறையுது. நான் தூங்கறப்போ வீட்டுல இருக்கறது நீங்க மட்டும்தான்."

வீட்டு வேலைக்கு வரும் இர்மா, அறுபது வயதுக்காரி, ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்.

"எடுத்தேன்."

"கேட்டா குடுத்திருப்பேனே?"

இர்மா துணியை மடித்து வைத்தாள்.

"திங்கறதுக்குப் போய் யாராவது திருடுவாங்களா? நாளையிலேர்ந்து வர வேண்டாம். சாவியை வச்சிட்டுப் போங்க."

சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள் இர்மா.

சின்ன ஊர். மறுநாள் காலையிலேயே மளிகைக் கடையில் ஒருத்தர், "இர்மா, போறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காட்டிட்டுப் போ" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செவ்வாய் மாலை கொரின் எழுந்து டப்பாவைத் திறந்தாள்.

இரண்டு குறைந்திருந்தது.

'வேற சாவி வச்சிருக்கா' என்று நினைத்தாள். கணவன் டெல்மர் மர ஆலையிலிருந்து வந்ததும் சொன்னாள். அன்றைக்கே பூட்டை மாற்றினான்.

புதன்கிழமையும் இரண்டு குறைந்தது.

வியாழக்கிழமை, படுக்கப் போகுமுன் உள்தாழ்ப்பாளும் போட்டாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எழுந்தபோது தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. டப்பாவில் இரண்டு இல்லை.

டெல்மர் வந்து கதவைத் தட்டியபோது கேட்டாள். "யாரு?"

"நான்தான். என்ன ஆச்சு?"

திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. "டெல்மர், நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க."

நிலவறை, பரண் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தான். யாரும் இல்லை. மாடியில் ஒரே ஓர் அறையை மட்டும் திறக்கவில்லை. போன அக்டோபரில் இறந்துபோன மகள் ஜோஸியின் அறை அது. சனிக்கிழமைகளில் மட்டும் கொரின் திறப்பாள். தூசி தட்டுவாள், ஜோஸியின் சாமான்களை எடுத்துப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேறு யாரும் உள்ளே போகக் கூடாது.

வெள்ளிக்கிழமை டெல்மர் வேலைக்குப் போகவில்லை. கொரின் படுத்ததும் சமையலறையை ஒட்டிய சாமான் அறையில், கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பதினோரு மணி. வெளியே நல்ல வெயில். வீட்டுக்குள் சத்தமே இல்லை.

மாடிப்படி முனகியது.

யாரோ இறங்கி வந்தார்கள். வெறுங்கால். மெதுவாக, ஒவ்வொரு படியாக. டெல்மர் மூச்சை அடக்கிக்கொண்டான்.

கொரின்.

கண் திறந்திருந்தது. ஆனால் பார்வை எதிலும் நிற்கவில்லை. டப்பாவைத் திறந்து இரண்டு உருண்டைகளை எடுத்தாள், மெழுகுத்தாளில் அழகாகச் சுற்றினாள். அவன் ஒளிந்திருந்த கதவை உரசிக்கொண்டே திரும்பிப் படியேறினாள். அவன் பின்னாலேயே போனான்.

ஜோஸியின் அறைக்குள் போய், அவளுடைய பள்ளிப் பையைத் திறந்து பொட்டலத்தை வைத்தாள்.

"ஓட்டப் பயிற்சி முடிஞ்சதும் சாப்பிடு" என்றாள், காலி நாற்காலியைப் பார்த்து. "கோட்டைப் போட்டுக்கோ, ஜோஸி. மழை வரும்."

சிரித்தாள். ஒரு வருஷமாக அவன் பார்க்காத சிரிப்பு. பிறகு நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

டெல்மர் பையைத் திறந்தான். நான்கு பொட்டலங்கள். செவ்வாய், புதன், வியாழன், இன்று. அவ்வளவுதான். இர்மா இருந்தவரைக்கும் வைத்தவை ஒன்றுகூட இல்லை.

அவனுக்குப் புரிந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக இர்மா வீட்டுக்குப் போனான். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே பின்னாடி போய்ப் பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு எடுத்தேன்னு சொன்னீங்க? ஊரே உங்களைத் திருடிங்குது."

"எடுத்தேனே. தினம் பையிலேர்ந்து நான்தானே எடுத்தேன்" என்றாள் இர்மா. "அதை விடுங்க. நாளைக்குச் சனிக்கிழமை. அவங்க அந்தப் பையைத் திறந்து பார்ப்பாங்களே... காலி பண்ணிட்டீங்களா?"