ஒற்றை வசனம்

“நானும் இதைச் சொல்லத்தான் வந்தேன் மேடம்!” என்று அவர் ஓங்கித் தட்டியதில், தலைமை ஆசிரியையின் மேசையிலிருந்த கத்தரிக்கோல் துள்ளிக் கீழே விழுந்தது.

“மெதுவா தம்பி, என் மெஷின் தாங்காது,” என்று தலைமை ஆசிரியை சிரித்தார். அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. உண்மையில் அவர் அந்தத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. நாளை பள்ளிக்கூடத்தில் எப்படிப் பேசுவது என்று நாலைந்து பெற்றோரைக் கடைக்குள் திரட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மூன்றாம் வகுப்பு டீச்சர், பாடம் நடக்கும்போது பிள்ளைகளை பாத்ரூம் போக விடுவதில்லை. அக்காவின் மகனும் அந்த வகுப்பு, மேசையைத் தட்டியவரின் மகளும் அந்த வகுப்பு.

“நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். ‘வேற யாருக்காவது இந்தக் குறை இருக்கா’ன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கேட்கும். உடனே நீங்க இந்த ஒரு வசனத்தைச் சொல்லிடணும் தம்பி. மத்தவங்க அதைப் பிடிச்சுக்குவாங்க.”

அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பவர் அவர். அவர் ஒரு குரல் கொடுத்தால் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடுவார்கள். ஆனால் அதெல்லாம் கண்ணாடி அறைக்குள் இருக்கும்வரைதான். எதிரே ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தார்.

மூலையில் பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மகள் எழுந்துபோய், ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

“காலையில ரொப்பிக் குடுத்த பாட்டில் அப்படியே திரும்பி வந்திருக்கு. ஓசித் தண்ணின்னாதான் மகாராணிக்கு இனிக்கும்,” என்று அவர் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா இன்னொரு சொம்பு ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு உள்ளே போனார்கள். நிஜத் தலைமை ஆசிரியையின் மேசை தையல் மேசையைப் போல இரண்டு மடங்கு இருந்தது. பக்கத்தில் டீச்சரும் உட்கார்ந்திருந்தார்.

அக்கா தடுமாறவே இல்லை. “போன வாரம் ஒரு பிள்ளை கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டிருக்கு, விடலை மேடம். உட்கார்ந்த இடத்துலயே போயிடுச்சு. அந்தப் பிள்ளையையே துடைக்க வச்சிருக்காங்க. மொத்த கிளாஸும் பார்த்துச் சிரிச்சிருக்கு. பேரு மட்டும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.”

பெற்ற மகனின் மானத்தைக் கப்பலேற்றாமல் எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறார் என்று அவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

“வேற யாருக்காவது இந்தக் குறை இருக்கா?”

அவர் தொண்டையைச் செருமினார். வசனம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் டீச்சர் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“இவரையே கேளுங்களேன் மேடம். இவர் பொண்ணு இப்பல்லாம் வெளிய போகணும்னு கேட்கிறதே இல்ல. அவ்வளவு சமத்து.”

எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. வருஷம் முழுக்க மகள் இந்த டீச்சர் முன்னால்தானே உட்கார வேண்டும்? மார்க் போடும் கையும் அந்தக் கைதானே?

“ஆமாங்க மேடம்,” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ரொம்ப நன்றிங்க மேடம்,” என்று கும்பிடு வேறு போட்டார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“அப்ப, யாரோ ஒரு பிள்ளைக்கு வந்த பிரச்சினைதான்,” என்று தலைமை ஆசிரியை எழுந்துகொண்டார்.

வெளியே வரும்போது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாக நழுவினார்கள். அவர்கள் மேல் கோபப்படக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. வராந்தாவில் காத்திருந்த மகள் ஓடி வந்து பையையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் கையில் திணித்துவிட்டு, அக்கா மகனோடு விளையாட ஓடினாள்.

கேட் அருகே போய்த்தான் அவருக்கு வாய் வந்தது.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன். என் பொண்ணு முகம் கண்ணு முன்னால வந்துடுச்சு. அவளுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு பயந்துட்டேன். உங்க பையனுக்கு நடந்தது பெரிய அநியாயம்க்கா.”

“என் பையனுக்கா?” அக்கா நின்றார். “அவனுக்கு ஒண்ணும் நடக்கலையே தம்பி.”

“அப்புறம்... அந்தப் பிள்ளை?”

அக்கா அவர் கையைப் பார்த்தார். அவரும் குனிந்து பார்த்தார். காலையில் அவரே நிரப்பிக் கொடுத்த பாட்டில், மூடிவரை தண்ணீரோடு கனத்தது.

“அன்னைக்கு எங்க வீட்லதான் துணி மாத்திக்கிட்டா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன்...” அக்கா விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பக்கம் பார்த்தார். “‘அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அத்தை, பாவம், அவர் பயந்துடுவாரு’ன்னா.”