சுவருக்கு அந்தப் பக்கத்து அண்ணன் தம்பி

கதாசிரியை எவர்சில்வர் தம்ளரைச் சமையலறைச் சுவரில் கவிழ்த்து, அதன்மேல் காதை ஒட்டிக்கொண்டாள்.

மூச்சுப் பேச்சு இல்லை.

நேற்றும் இல்லை. முந்தாநாளும் இல்லை.

நாளைக் காலை அவள் தொடரின் அடுத்த பகுதியைக் கொடுத்தாக வேண்டும். குழந்தைகள் சேனலில் ஓடும் சிரிப்புத் தொடர் அது. ஒரு வீடு, ஓர் அண்ணன், ஒரு தம்பி, நாள் முழுக்கச் சண்டை, அவ்வளவுதான் கதை. போன பகுதி சப்பென்று இருந்துவிட்டது. இதுவும் அப்படியே இருந்தால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வேன் என்று இயக்குநர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அவள் என்ன செய்வாள், பாவம். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாமல் வளர்ந்தவள். அண்ணன் தம்பி எதற்கெல்லாம் அடித்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு சுவர்தான் கைகொடுத்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பக்கம் கச்சேரி ஆரம்பித்துவிடும். ஜன்னலோர நாற்காலி யாருக்கு? சோப்பைத் தண்ணீரில் ஊறவிட்டது யார்? தொட்டியில் இருக்கும் ஒற்றை மீன் யார் பேச்சைக் கேட்கும்? இந்த மீன் வழக்கு மட்டும் ஒரு வாரம் நடந்தது.

பெரியவனுக்குக் கட்டைக்குரல். அதிகாரம் தூள் பறக்கும். சின்னவனுக்குக் கீச்சுக்குரல். கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அவள் கேட்டதைக் கேட்டபடி எழுதினாள். தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது.

இயக்குநருக்கு மட்டும் ஒரு குறை. மூன்று தம்பிகளோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர் அவர்.

"ஒருத்தன் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தன் வாயை மூடிட்டு நிப்பானா? எந்த வீட்டுல இப்படிச் சண்டை போடறாங்க?"

இந்த வீட்டில்தான் என்று அவள் மனதுக்குள் சிரித்துக்கொள்வாள். நல்ல வளர்ப்பு, வேறென்ன!

இப்போது சிரிப்பு வரவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டார்களா? ஊருக்குப் போயிருக்கிறார்களா? இல்லை, இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்களா? மூன்றாவதுதான் என்றால் தொடர் அதோடு சரி.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். அந்த வீட்டு வாசல் அடுத்த தெருவில் இருந்தது. அதனால் அவர்கள் யாரையும் அவள் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. யாராவது கேட்டால் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கதவைத் திறந்தது நர்ஸ் உடையில் ஒரு பெண். வேலைக்குக் கிளம்புகிற அவசரம். ஒரு காலில்தான் ஷூ இருந்தது.

தண்ணீர்க் கதையெல்லாம் கதாசிரியைக்கு மறந்தே போனது. பின்வீட்டிலிருந்து வருவதாகவும், சில நாட்களாகப் பிள்ளைகள் சத்தமே கேட்கவில்லை என்றும் உளறிவிட்டாள்.

அந்தப் பெண் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டை கட்டிவிட்டதாம். சரியாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

கதாசிரியைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆக, யாரும் ராசியாகவில்லை!

"அச்சச்சோ, யாருக்கு? பெரியவனுக்கா, சின்னவனுக்கா?"

இன்னொரு ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒரே பையன்தாங்க. நான் டியூட்டி முடிஞ்சு வர்ற வரைக்கும் இவன் தனியாத்தான் இருப்பான்."

அவளுக்குப் பின்னால், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து நின்றான். கதாசிரியைக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது.

டாக்டர் சொன்னதை மறந்து அவன் அம்மாவிடம், வந்திருப்பது யார் என்று கேட்டான்.

கட்டைக்குரலும் இல்லை, கீச்சுக்குரலும் இல்லை. கம்மிப்போன மெல்லிய குரல். அவள் அதை அதுவரை கேட்டதே இல்லை.