மூடாத மட்டி

ஊன்றிய கால் உள்ளே போனது.

சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

கொஞ்சம் தள்ளி, பெருவிரலால் மட்டும் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் கூழாய்ச் சேறு.

போன மாதம்வரை இங்கே மணல். நின்றால் நிற்க விடும் மணல். இடுப்பளவு தண்ணீரில் காலால் துழாவுவாள். நாலு விரல் ஆழத்தில் மட்டி தட்டுப்படும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி எடுத்து, இடுப்பில் கயிறு கட்டி மிதக்கவிட்டிருக்கும் தெர்மாகோல் பெட்டியில் போடுவாள்.

இன்று துழாவ வேண்டியிருக்கவில்லை. மட்டிகள் மேலேயே கிடந்தன. அள்ள அள்ள வந்தன.

ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஓடு திறந்திருந்தது. நாக்கு மாதிரிச் சதை வெளியே தொங்கியது.

நகத்தால் தட்டினாள்.

உயிருள்ள மட்டி வெடுக்கென்று மூடிக்கொள்ளும். விரல் அகப்பட்டால் வலிக்கும்.

இது மூடவில்லை.

இன்னொன்று. பாதி மூடியது. அப்படியே நின்றுவிட்டது.

காலுக்கடியிலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைந்தன. அழுகிய முட்டை நாற்றம்.

முகத்துவாரம் மண் மூடியதிலிருந்து கடல் ஏரிக்குள் வருவதில்லை. மழைக்கு ஆறு கொண்டுவந்த வண்டல் போக வழியில்லாமல் அடியில் படிந்துவிட்டது. மேலே தண்ணீர் வெயிலில் சும்மா கிடந்தது.

மட்டி மணலுக்குள் இருந்தபடியே மூச்சு விடும். இந்தச் சேற்றுக்குள் முடியவில்லை. ஏறி வந்திருக்கின்றன.

அவள் நிமிர்ந்தாள்.

முன்னால் நதியா போய்க்கொண்டிருந்தாள். கூடப் பிறந்த தம்பியின் பெண்டாட்டி. வீட்டைப் பிரித்துக் குறுக்கே சுவர் வைத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தண்ணீரிலும் ஒருத்தி இருக்கும் பக்கம் மற்றவள் போவதில்லை.

நதியாவின் பெட்டி விளிம்புவரை நிறைந்து, பாதி அமிழ்ந்து மிதந்தது. அவள் முங்கினாள். எழுந்தாள். இரண்டு கையும் கொள்ளாமல் மட்டி. சிரித்துக்கொண்டிருந்தாள். தனக்குத்தானே.

இன்னும் ஓர் அடி முன்னே வைத்தாள்.

சொல்லலாமா என்று இவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே நின்றாள்.

நதியாவின் உயரம் குறைந்தது.

இடுப்பிலிருந்த தண்ணீர் மார்புக்கு வந்தது. அவள் ஒரு காலை உருவப் பார்த்தாள். மற்றக் கால் இறங்கியது. கையிலிருந்த மட்டிகள் விழுந்தன. தண்ணீர் தோளுக்கு வந்தது.

கத்தவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"நதியா. ஆடாத."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் தன் வாயிலிருந்து வந்ததை அவள் கேட்டாள்.

நேராகப் போனால் இரண்டு பேரும் மாட்டுவார்கள். இடப்பக்கம் பழைய சிப்பித் திட்டு ஒன்று இருந்தது. செத்த சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிப் போனது. கத்தி மாதிரி அறுக்கும் என்று யாரும் அதில் கால் வைப்பதில்லை. நீந்திப் போய் அதன்மேல் ஏறி நின்றாள். அறுத்தது. ஆனால் இறங்கவில்லை.

தன் பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்தாள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, பெட்டியை நதியா பக்கம் தள்ளிவிட்டாள்.

எட்டவில்லை.

இழுத்துக்கொண்டு மறுபடி தள்ளினாள்.

தண்ணீர் நதியாவின் வாயைத் தொட்டிருந்தது. முகத்தை வானம் பார்க்கத் தூக்கியிருந்தாள். கை மட்டும் துழாவிப் பெட்டியைப் பிடித்தது.

"பொட்டி மேல குப்புறப் படு. கால ஒதைக்காத. ஒண்ணொண்ணா எடு."

"வரல, அண்ணி."

"வரும். மெதுவா."

அவள் இழுத்தாள். கயிறு உள்ளங்கையைத் தின்றது. ஒன்றும் நகரவில்லை. பாதத்தில் ஓடு ஆழமாக இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஊன்றி நின்றாள்.

சேறு ஒரு காலை விட்டது.

நெடுநேரம் கழித்து மற்றதையும் விட்டது.

கரைக்கு வந்தபோது நதியாவின் தொடைவரை கறுப்பு. இவள் வைத்த அடியெல்லாம் சிவப்பு. இருவரும் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

மற்ற பெண்கள் அப்போதுதான் பெட்டியும் கயிறுமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் செங்கேணி. நதியாவின் நிறைந்த பெட்டியைப் பார்த்ததும் அவள் நடை வேகமானது.

"எறங்காதீங்க" என்றாள் இவள். "அடி பூரா சேறா பூடுச்சி. மட்டி சாவுது."

செங்கேணி இவளைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நதியாவைப் பார்த்தாள்.

"இன்னா, ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துக்கினு எடத்த மறைக்கிறீங்களா?"

நதியா எழுந்தாள். பெட்டியைத் தூக்கி மணலில் கொட்டினாள். காலை முழுவதும் எடுத்தது. நாக்கு தொங்க, வாய் பிளந்து, ஒன்றுகூட அசையாமல் கிடந்தன.

நாற்றம் எழுந்தது.

செங்கேணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தி பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு இன்னொருத்தி.



"அந்தாண்ட பக்கம்?" என்று கடைசியில் செங்கேணி கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

அக்கரையோரத்தை எல்லோரும் பார்த்தார்கள். இங்கே மட்டி இருந்தவரை அங்கே போக யாருக்கும் தேவை வந்ததில்லை.

"தெரியல. போய்ப் பாக்கணும்."

இவள் அறுபட்ட காலில் துணியைச் சுற்றிக்கொண்டாள். நதியா கூடவே நடந்தாள். வா என்று இவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஏரியைச் சுற்றிக்கொண்டு மறுகரைக்கு வந்தார்கள். இவள் முதலில் இறங்கினாள். முழங்கால். தொடை. இடுப்பு.

நதியா இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பெருவிரல் தரையைத் தொட்டது.

இவள் இன்னும் அந்தக் காலில் எடையைப் போடவில்லை.